இடிபாடுகளை ஜிபியுவிடம் ஒப்படைத்தபோது: பல தளங்களுக்கான ஒரு விளையாட்டின் ஃபிசிக்ஸ் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அது ஒரு சிறிய அணி, பத்துப் பேருக்குச் சற்று அதிகம். கட்டடங்களை இடித்துத் தள்ளி, அந்த இடிபாடுகளைக் கொண்டே புதிர்களை விடுவிக்கும் விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். தனியாகவும் ஆடலாம், இணையம் வழியாக இன்னொருவரோடு சேர்ந்தும் ஆடலாம். கணினி, இரண்டு தலைமுறைக் கன்சோல்கள், ஒரு கையடக்கக் கன்சோல் ஆகியவற்றில் வெளியிடுவதாகத் திட்டம். கணினியில் ஆடுபவரும் கன்சோலில் ஆடுபவரும் ஒரே ஆட்டத்தில் சேரலாம் என்று ஆரம்பத்திலேயே அறிவித்தும் விட்டார்கள். பின்னால் வந்த சிக்கலில் பாதிக்கு அந்த அறிவிப்புதான் வேர்.

நான் வெளியாள். வெளியீட்டுக்கு முந்தைய சோதனையில் பக் (நிரல் பிழை) பட்டியல் பெருத்தபோது, ஃபிசிக்ஸ் பகுதியை, அதாவது பொருள்கள் விழுவதையும் மோதுவதையும் கணக்கிடும் பகுதியை மட்டும் பார்த்துச் சொல்லும்படி அழைத்தார்கள். அணியின் மாற்றப் பதிவுகள், புரொஃபைலர் (எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளக்கும் கருவி) பதிவுகள், சோதனையாளர்கள் எடுத்த வீடியோக்கள் ஆகியவற்றை வைத்து இதை எழுதுகிறேன். ஆட்களையும் நிறுவனத்தையும் அடையாளம் காட்டும் எதையும் சேர்க்கவில்லை. எண்களைத் தோராயமாகவே தந்திருக்கிறேன்.

ஜிபியுவுக்குப் போன காரணம்

முதல் மாதிரியில் ஒரு சுவர் இடிந்தால் ஐம்பது, அறுபது துண்டுகள் விழும். கணக்கு முழுவதும் சிபியுவில், அதாவது மையச் செயலியில்தான் நடந்தது. கலை இயக்குநருக்கு அது போதவில்லை. "சுவர் இடியிற மாதிரி இல்லை, பெட்டி சரியிற மாதிரி இருக்கு" என்று குறிப்பு எழுதியிருந்தார். நியாயமான குறிப்புதான். ஆனால் ஆயிரக்கணக்கில் துண்டுகள் வேண்டுமென்றால் சிபியு தாங்காது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லி விநாடி. அசைவு, ஒலி, எதிரிகளின் முடிவுகள், வரைவதற்கான தயாரிப்பு என்று எல்லாரும் பங்கு கேட்ட பிறகு ஃபிசிக்ஸுக்கு மூன்று, நான்கு மில்லி விநாடி மிஞ்சினால் பெரிது.

ஃபிசிக்ஸ் நிரலாளர், கணக்கை ஜிபியுவுக்கு, அதாவது படம் வரையும் வரைகலைச் செயலிக்கு மாற்றி, க்யூடா (என்விடியா ஜிபியுக்களுக்கு மட்டுமான நிரல் தளம்) வழியாக என்விடியா கார்டுகளில் ஓடும் பாதையை இயக்கிப் பார்த்தார். அணியில் பெரும்பாலோரிடம் இருந்தது அந்தக் கார்டுதான். சுவர் தூள் தூளாகக் கொட்டியது. எல்லாருக்கும் பிடித்துப்போனது. வெளியாருக்குக் காட்டிய டெமோவும் அதை வைத்தே தயாரானது.

இந்த ஆசைக்கு வயது அதிகம். 2006-இல் ஏஜியா நிறுவனம் ஃபிசிக்ஸ் கணக்குக்கென்றே தனி அட்டை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2008-இல் அந்த நிறுவனத்தை என்விடியா வாங்கி, ஃபிஸ்எக்ஸ் என்ற அதன் மென்பொருளைத் தன் ஜிபியுக்களில் ஓடும்படி மாற்றியது. ஹேவாக் நிறுவனமும் ஜிபியுவில் ஓடும் ஒரு திட்டத்தை வைத்திருந்தது. 2007-இல் இன்டெல் அந்த நிறுவனத்தை வாங்கிய பிறகு அந்தத் திட்டம் வளரவில்லை. அந்தக் காலத்தில் ஜிபியு ஃபிஸ்எக்ஸ் பயன்படுத்திய விளையாட்டுகளை இப்போது போட்டுப் பார்த்தால் ஒன்று தெரியும். 2009-இல் கணினிக்கு வந்த மிரர்ஸ் எட்ஜில் கிழியும் துணி, சிதறும் கண்ணாடி. அதே ஆண்டு வந்த பேட்மேன்: ஆர்க்கம் அசைலமில் பறக்கும் காகிதம், சுழலும் புகை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆடினாலும் ஆட்டம் அதேதான். அந்தக் கார்டு இல்லாதவரும் காசு கொடுத்து வாங்குகிறார் என்பதால், முடுக்கப்பட்ட ஃபிசிக்ஸ் ஆட்டத்தின் முடிவைத் தொடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த அணியின் விளையாட்டில் இடிபாடுகள்தான் புதிர். அந்தப் பழைய எல்லையை யாரும் உட்கார்ந்து யோசித்துத் தாண்டவில்லை. ஒரு அமைப்பு இயக்கப்பட்டது, காட்சி நன்றாக இருந்தது, அப்படியே போய்விட்டது.

சோதனையில் கண்டவை

எல்லாப் பக்குகளும் ஒரே அறையைச் சுற்றி வந்தன. நிலவறை ஒன்று. தரையில் ஓர் எடைத் தட்டு, அதன் மேல் சாய்த்து வைத்த மரப்பலகை, பக்கத்தில் செங்கல் சுவர். சுவரை உடைத்தால் கற்கள் பலகையில் சரிந்து தட்டில் சேரும். எடை ஓர் அளவைத் தாண்டினால் கதவு திறக்கும். எளிய புதிர்.

கையடக்கக் கன்சோலில் கதவு திறக்கவில்லை. அங்கே துண்டுகளின் எண்ணிக்கையைக் கால் பங்காகக் குறைத்திருந்தார்கள். கற்கள் குறைந்ததால் தட்டில் சேரும் மொத்த எடையும் குறைந்துவிட்டது. சரி, ஒவ்வொரு கல்லின் எடையையும் நான்கு மடங்காக்கிவிடலாம் என்று மாற்றினார்கள். மொத்த எடை சரியானது, பலகை கெட்டது. தொடுகைகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து விடைக்கு நெருங்கும் சால்வர் எனும் கணக்கு நிரல்களுக்கு, லேசான பொருளின் மேல் கனமான பொருள் உட்காருவது எப்போதுமே சிரமம். எடை விகிதம் கூடக்கூட, ஒரு ஃபிரேமுக்குள் செய்யும் சில சுற்றுகள் போதாமல் போகும். சோதனையாளர் எடுத்த வீடியோவில் பலகை முதலில் லேசாக நடுங்குகிறது. நடுக்கம் வளர்கிறது. பிறகு பலகை கற்களை உதறிவிட்டுக் கூரையில் போய் மோதுகிறது. வீடியோவின் பின்னணியில் சிரிப்புச் சத்தம். வெளியீட்டுக்கு முன் கேட்க விரும்பாத சிரிப்பு அது.

வேறு நிறுவனத்தின் கார்டு உள்ள கணினிகளில் க்யூடா கிடையாது. அங்கே அமைப்பு சத்தமில்லாமல் சிபியு பாதைக்கு இறங்கியது. அந்தப் பாதையை மாதக்கணக்கில் யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஆட்டத்தின் ஃபிசிக்ஸ் நொடிக்கு 60 முறை, சம அளவு காலப் படிகளில் ஓடும். சுவர் இடியும் நேரத்தில் ஒரு படிக்கே 16.67 மில்லி விநாடிக்கு மேல் பிடித்தது. அப்படியானால் அடுத்த ஃபிரேமில் இரண்டு படி கடன். அதை ஓட்டி முடிப்பதற்குள் கடன் மூன்றாகிறது. இது முடிவில்லாமல் போகாதபடி, ஒரு ஃபிரேமுக்கு இத்தனை படிகள்தான் என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். ஆட்டம் உறையவில்லை, ஆனால் மெதுவாக நகரும் காட்சியாக மாறியது. சேர்ந்து ஆடும்போது, நல்ல கணினி வைத்திருப்பவரும் இவருக்காகக் காத்திருக்க வேண்டி வந்தது.

(சிபியு பாதையிடம் காட்டும் மாற்றாந்தாய் மனப்பான்மைக்கு முன்னுதாரணம் உண்டு. அன்றைய ஃபிஸ்எக்ஸின் சிபியு பாதை பெரும்பாலும் சிபியுவின் பழைய எக்ஸ்87 கணக்குக் கட்டளைகளிலேயே ஓடுவதை 2010-இல் செயலி ஆய்வாளர் டேவிட் கேன்டர் அளந்து எழுதினார். அவற்றைவிட வேகமான எஸ்எஸ்இ கட்டளைகள் வந்து பத்தாண்டு கடந்திருந்த நேரம் அது. மறு ஆண்டு வந்த 3.0 பதிப்பில்தான் நிலைமை மாறியது.)

சரியான கார்டு இருந்த கணினிகளிலும் எல்லாம் நன்றாக இல்லை. புரொஃபைலரில் சுவர் இடியும் ஃபிரேமைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜிபியுவில் ஃபிசிக்ஸ் பட்டை இரண்டு மில்லி விநாடி அளவுக்குச் சிறியது. சிபியுவின் முதன்மை த்ரெட்டில் (வேலை வரிசையில்) அதைவிடப் பல மடங்கு நீளமான வெற்றுப் பட்டை. தட்டில் எவ்வளவு எடை, பாத்திரத்தின் கால் எந்தக் கல்லில் நிற்கிறது என்பதைச் சிபியு அந்த ஃபிரேமிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஜிபியுவோ முந்தைய ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கிறது. அது முடிந்து, ஃபிசிக்ஸ் ஓடி, விடை கார்டை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகத் திரும்பி வரும்வரை சிபியு கைகட்டி நிற்கிறது. கணக்கு வேகமானது உண்மை. விடை கையில் கிடைக்கும் நேரம் குறையவில்லை. ஒரு ஃபிரேம் பழைய விடையை வைத்து ஓட்டிப் பார்த்திருந்தார்கள். கால் கல்லுக்குள் புதைந்து, மறுகணம் மேலே துள்ளியது.

கடைசியாக, சேர்ந்து ஆடும் சோதனை. இரண்டு திரைகளையும் அருகருகே பதிவுசெய்திருந்தார்கள். ஒன்றில் கதவு திறந்து ஆட்டக்காரர் உள்ளே போகிறார். மற்றொன்றில் அதே ஆட்டக்காரர் மூடிய கதவுக்குள் நடந்து மறைகிறார்.

பிரிவு தொடங்கிய இடம்

இணைய ஆட்டத்தில் பொத்தான் அழுத்தங்களை மட்டும் அனுப்பி, இரு பக்கமும் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போடும் முறையை வைத்திருந்தார்கள். இரு பக்க விடையும் கடைசி பிட் வரை ஒன்றாக இருந்தால்தான் இது நிற்கும். எனவே ஒவ்வொரு காலப் படியின் முடிவிலும் எல்லாத் துண்டுகளின் இடத்தையும் வேகத்தையும் சேர்த்து ஒரு ஹாஷ் எண் (தகவலில் ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) எடுக்கச் செய்தோம். இரு கருவிகளின் பதிவுகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டோம்.

சிபியு பாதை மட்டும், இரண்டும் கணினி: கடைசி வரை ஒத்துப்போனது. சிபியு பாதை மட்டும், ஒன்று கணினி, மற்றது கையடக்கக் கருவி: சில நொடிகளில் பிரிந்தது. இதற்கு இரண்டு காரணங்கள் கிடைத்தன. கையடக்கக் கருவியின் ஆர்ம் வகைச் சிப்புக்கான கம்பைலர் (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்), பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைத்துவிட்டது. அப்போது விடையைக் கிட்டிய எண்ணுக்கு முழுமைப்படுத்துவது இரண்டு முறைக்குப் பதில் ஒரே முறை நடக்கும்; கடைசி பிட் மாறும். அடுத்தது, சைன், கோசைன். கூட்டல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவற்றின் விடை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஐஈஈஈ 754 (கணினியில் பின்ன எண் கணக்குக்கான தரநிலை) கட்டாயப்படுத்துகிறது. சைனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒவ்வொரு தளத்தின் கணித நூலகமும் கடைசி இலக்கத்தில் தன் வழியில் போகும்.

இவை இரண்டையும் சரிசெய்ய வழி உண்டு. ஜிபியு பாதையைச் சோதித்தபோதுதான் விவாதம் முடிவுக்கு வந்தது. ஒரே கணினி, ஒரே கார்டு, ஒரே உள்ளீடு; இரண்டு முறை ஓட்டினோம். இரண்டு வெவ்வேறு ஹாஷ். ஆயிரக்கணக்கான த்ரெட்கள் ஒரே துண்டின் மீதான விசைகளை ஒரே நேரத்தில் கூட்டும்போது, யார் முந்துவார் என்பது ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும். மிதவைப் புள்ளி எண்களில் (ஒவ்வொரு கணக்கிலும் கடைசி இலக்கம் முழுமைப்படுத்தப்படும் பின்ன எண்கள்) கூட்டும் வரிசை மாறினால் விடையும் சற்று மாறும். சுவர் இடிவது போன்ற நிகழ்வில் அந்தச் சற்று வேகமாகப் பெருகும். தன்னோடேயே ஒத்துப்போகாத கணக்கு, இன்னொரு தளத்தோடு ஒத்துப்போகாதது பற்றிப் பேச என்ன இருக்கிறது?

பரிசீலித்த வழிகள்

தளங்கள் கடந்து சேர்ந்து ஆடுவதைக் கைவிடலாம் என்றார் ஒருவர். தயாரிப்பாளர் ஏற்கவில்லை. அறிவித்தாகிவிட்டது.

எல்லாவற்றையும் சிபியுவுக்கே திருப்பலாம் என்பது அடுத்தது. தளங்கள் மாறினாலும் ஒரே விடை தரும்படி கட்டமைக்கக்கூடிய ஃபிசிக்ஸ் நூலகங்கள் இப்போது உண்டு. திறந்த மூல நூலகமான ஜோல்ட் அப்படிப்பட்டது. தடை நூலகத்தில் இல்லை, கருவிகளில் இருந்தது. பிளேஸ்டேஷன் 4-இல் இருப்பது 1.6 கிகாஹெர்ட்ஸில் ஓடும் எட்டு ஜாகுவார் சிபியு கோர்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் அதே கோர்கள், 1.75 கிகாஹெர்ட்ஸ். கணினிச் சந்தையில் இவை மலிவு லேப்டாப்புகளுக்கான கோர்கள். அந்தத் தலைமுறையில் பலம் ஜிபியு பக்கம் இருக்கிறது. வரைகிற வேலைக்கு இடையே உள்ள இடைவெளிகளில் கம்ப்யூட் வேலையை (வரைதல் அல்லாத கணக்கை) செருகவும் முடியும். கையடக்கக் கருவியில் இது தலைகீழ். அங்கே ஜிபியு வரைவதற்கே மூச்சுத் திணறியது. ஃபிசிக்ஸை அதன் தலையில் கட்டினால் ஃபிரேம் குறைந்தது. அதற்கும் முந்தைய தலைமுறையில் கதையே வேறு. பிளேஸ்டேஷன் 3-இன் செல் சிப்பில் ஃபிசிக்ஸை ஓட்டப் பொருத்தமான இடம் அதன் துணைச் செயலிகள்தான். ஒவ்வொன்றுக்கும் சொந்த நினைவகம் 256 கிலோபைட். கணக்கை அதற்குள் அடங்கும் துண்டங்களாக நறுக்கிக் கொடுக்க வேண்டும். ஆக, எந்த மூலையில் சும்மா இருக்கும் திறன் கிடைக்கிறது என்பது தளத்துக்குத் தளம் மாறுகிறது. ஒரே பாதையை எல்லாவற்றிலும் ஓட்டும் திட்டம் எதுவாக இருந்தாலும் ஏதோ ஒரு கருவியில் இடறும்.

எடுத்த முடிவு

ஃபிசிக்ஸை இரண்டு உலகங்களாகப் பிரித்தார்கள். ஆட்டத்தின் முடிவைத் தொடும் பெரிய துண்டுகள் ஒன்றில், சுவருக்குச் சில டஜன் வீதம். எண்ணிக்கையும் எடையும் எல்லாத் தளத்திலும் ஒன்று. அவை எங்கேயும் சிபியுவில்தான் ஓடும். மற்ற உலகம் கண்ணுக்கானது: பொடிக்கல், சில்லு, தூசி. பெரிய துண்டுகளும் பாத்திரமும் அவற்றைத் தள்ளலாம்; அவை எதையும் திருப்பித் தள்ள முடியாது. ஒரு வழிப் பாதை என்பதால் ஜிபியு தன் விடையைச் சிபியுவுக்கு அனுப்பவே வேண்டாம். புரொஃபைலரில் இருந்த வெற்றுப் பட்டைக்கு இனி வேலை இல்லை.

கண்ணுக்கான உலகத்தை க்யூடாவிலிருந்து எடுத்து, கம்ப்யூட் ஷேடர்களாக (ஜிபியுவில் ஓடும் சிறு கணக்கு நிரல்களாக) மறுபடி எழுதினார்கள். அவை டைரக்ட்3டி 12, வல்கன் என்ற வரைகலை இடைமுகங்கள், கன்சோல்களின் சொந்த இடைமுகங்கள் என எங்கும் போகும். கார்டு யாருடையது என்ற கேள்வி எழாது. கையடக்கக் கருவியில் அதுவும் வேண்டாம் என்று, முன்கூட்டியே கணித்துப் பதிவுசெய்த சிதறல் அசைவுகளை ஓட்டினார்கள். என் பார்வையில் மொத்தத் திட்டத்திலும் மிகத் துணிவான முடிவு அதுதான். தொழில்நுட்ப ஆட்களுக்குப் பதிவுசெய்த அசைவு என்றாலே கௌரவக் குறைச்சல். சிறிய திரையில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

எடைத் தட்டின் கணக்கும் மாறியது. முன்பு தொடுகை விசைகளைக் கூட்டி எடையை அறிந்தார்கள். அது ஒவ்வொரு படியிலும் துள்ளும். இப்போது தட்டின் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்குள் எந்தெந்தப் பெரிய துண்டுகள் ஓய்ந்து கிடக்கின்றன என்று பார்த்து, அவற்றின் எடையை நேரடியாகக் கூட்டுகிறார்கள்.

இணைய ஆட்டத்தில் இரு பக்கமும் ஒரே விடை என்ற முயற்சியை விட்டார்கள். ஆட்டத்தைத் தொடங்கியவரின் கருவி சொல்வதே தீர்ப்பு. மற்றவர் கருவி அதைப் பின்பற்றும். கம்பைலர் அமைப்புகளையும் கணித நூலகத்தையும் எல்லாத் தளத்திலும் பூட்டிவைத்து, ஒவ்வொரு புதுப்பிப்பிலும் மறுபடி சரிபார்க்க இந்த அணியில் ஆள் இல்லை என்பதே காரணம். சில டஜன் துண்டுகள்தான் என்றால் அனுப்பும் செலவு சிறியது. ஒரு துண்டின் இடத்தையும் திருப்பத்தையும் சுருக்கினால் இருபது பைட்டுக்குள் அடங்கும். ஓய்ந்து கிடப்பவற்றை அனுப்பவே வேண்டாம்.

கலை இயக்குநர் இதை விரும்பவில்லை. பொடிக்கல்லில் கால் இடறாவிட்டால் உயிர் இருக்காது என்றார். எது பெரிய துண்டு என்ற எல்லையை அவரே வைக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். கையடக்கக் கருவியின் நேர அளவைத் தாண்டக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. ஒவ்வொரு சுவருக்கும் அவர் தனித்தனியாக எல்லை வைத்தார். பேரம் அத்தோடு முடிந்தது.

பிறகு நடந்தவை

கதவுப் பிரச்சினை எல்லாத் தளத்திலும் போனது. பலகை பறப்பதும் நின்றது, எடைகள் இயல்பான விகிதத்துக்குத் திரும்பியதால். வேறு கார்டு உள்ள கணினிகளில் ஆட்டம் மெதுவாவது இல்லை.

புதிய பக் ஒன்று முளைத்தது. பொடிக்கற்கள் எதில் மோதுகின்றன என்பதைத் திரையின் ஆழத் தகவலை (ஒவ்வொரு புள்ளியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை) வைத்துக் கணித்தார்கள். மலிவான, பழகிய உத்திதான். ஆனால் கேமரா பார்க்காத இடத்தில் ஆழத் தகவல் கிடையாது. ஆட்டக்காரர் சுவரை உடைத்துவிட்டுத் திரும்பி நின்றால், முதுகுக்குப் பின்னால் கற்கள் தரையைத் துளைத்துக்கொண்டு விழுந்தன. மறுபடி திரும்பினால் தரை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. திரைக்கு வெளியே போகும் கல்லை அந்த இடத்திலேயே உறையவைத்தார்கள். அப்போது சில கற்கள் அந்தரத்தில் நின்றன. கடைசியில் ஒவ்வொரு அறைக்கும் தரையின் உயர வரைபடம் ஒன்றைத் தனியாகத் தயாரித்து ஷேடருக்குக் கொடுத்ததும் ஓய்ந்தது.

இணையத்தில் சேர்ந்து ஆடும் இருவருக்கும் பொடிக்கற்கள் வெவ்வேறு இடத்தில் கிடக்கும். இதை யாராவது புகார் செய்வார்கள் என்று பயந்தார்கள். சோதனையில் எவரும் கவனிக்கவில்லை.

2025-இல், இந்த வேலை முடிந்த பிறகு, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகளில் 32 பிட் க்யூடா ஆதரவு நின்றது. பழைய 32 பிட் விளையாட்டுகளின் ஜிபியு ஃபிஸ்எக்ஸ் சிபியுவில் இறங்கித் திணறியது. அந்த ஆண்டின் கடைசியில் தேர்ந்தெடுத்த சில விளையாட்டுகளுக்கு மட்டும் டிரைவர் வழியாக அதைத் திரும்பக் கொடுத்தார்கள். தங்கள் முடிவு சரி என்பதற்கு இதைச் சான்றாகச் சொன்னார் அணியில் ஒருவர். அது முழுக்கச் சரியல்ல. இவர்கள் விளையாட்டு 64 பிட், க்யூடாவை வைத்திருந்தாலும் இது தாக்கியிருக்காது. ஆனால் அங்கே அடிபட்டவை அலங்காரம் மட்டும்தான். புதிரே க்யூடாவில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கையடக்கக் கருவியில் ஓடும் மாதிரி முதல் மாதமே இருக்க வேண்டும் என்று அணி எழுதிவைத்திருக்கிறது. நான் அதைவிட முன்னால் இன்னொன்றை வைப்பேன்: ஒவ்வொரு அசையும் பொருளுக்கும், இது முடிவைத் தொடுமா, கண்ணுக்கு மட்டுமா என்று வடிவமைப்பாளர் ஒரு குறி போட வேண்டும். குறி இல்லாத பொருளை எஞ்சின் ஏற்கவே கூடாது. இந்த அணியில் அந்தக் கேள்வியைக் கேட்க எந்த இடமும் இருக்கவில்லை. டெமோ நன்றாக வந்ததே பதிலாகிவிட்டது.

ஹாஷ் ஒப்பீடு இப்போது தினசரி பில்டில் தானாக ஓடுகிறது. இணைய ஆட்டத்துக்கு அது இனி தேவையில்லை. ஆனால் ஒரு பக்கை மறுபடி நிகழ்த்திப் பார்க்க, ஒரே தளத்துக்குள்ளாவது அதே உள்ளீடு அதே விடையைத் தர வேண்டும். ஜிபியு பாதை மெல்ல எதற்காவது சிபியு பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கினாலும் அதில் உடனே தெரிந்துவிடும். வேறு நிறுவனக் கார்டு உள்ள ஒரு கணினியும் நிரலாளரின் மேசைக்கு வந்திருக்கிறது.

தீராமல் நிற்பது சேமிப்பு. ஆட்டத்தைச் சேமித்து மறுபடி திறந்தால் பெரிய துண்டுகள் இருந்த இடத்தில் இருக்கின்றன, பொடிக்கற்கள் இல்லை. எல்லாவற்றையும் சேமித்தால் கோப்பு பெருக்கிறது. இடிந்த சுவரைச் சுற்றிப் பதிவுசெய்த குவியல் ஒன்றை வைத்துவிடலாம் என்று நிரலாளர் சொல்கிறார். கலை இயக்குநர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.